முட்டை ஒத்துக்காத பிள்ளை

சட்டைக் காலரில் ஒரு மடிப்பு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. தியானா அதன்மேல் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை மறுபடி அழுத்தினாள். ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. மகன் ரெல்யா அதை ஒரே ஒரு நாள்தான் போட்டிருந்தான்.

"கொடுடி, நான் தேய்க்கிறேன்," என்றாள் லியூபிங்கா. அவள் தியானாவின் கணவன் ஸ்லாவ்கோவுக்கு அக்கா. நேற்றிலிருந்து அடுக்களை அவள் கையில் இருந்தது. அடுப்பில் துக்கத்துக்கான கோதுமை வெந்துகொண்டிருந்தது. மேசையில் பொடித்த வால்நட், சர்க்கரை, ஒரு பெரிய தட்டு நிறைய அவித்த முட்டை.

"வேணாம்க்கா. அவனுக்குச் செய்யறதுக்கு இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

லியூபிங்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கோதுமையைக் கிளறினாள். "ராக்கியா சாராயம் பத்தாது, சொல்லிட்டேன். இந்த ஊர் ஆம்பளைங்க துக்கத்துக்கு வர்றாங்களா, தொண்டை நனைக்க வர்றாங்களான்னே தெரியல. பாதிரியாரையும் சேர்த்துத்தான் சொல்றேன்," என்றாள்.

ஸ்லாவ்கோ வாசல் வழியாகத் தலையை நீட்டினான். சவரம் செய்யாத முகம். சாவு அறிவிப்புத் தாள்களைக் கம்பங்களிலும் மழலையர் பள்ளியின் வாயிலிலும் ஒட்டிவிட்டு வந்திருந்தான். விரல்களில் பசை காய்ந்திருந்தது.

"கூம் வந்துட்டாரா?"

"இன்னும் இல்ல."

"அவர் வராம பிள்ளைய வெளிய எடுக்க முடியாது. சிலுவைய யார் தூக்குவா?"

மியோத்ராக்தான் அவர்களுடைய கூம். கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர், ரெல்யாவை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவர். அவருடைய அப்பா ஸ்லாவ்கோவின் அப்பாவுக்குக் கூமாக இருந்தார். கூடப்பிறந்தவனோடு பேச்சை நிறுத்தலாம். கூமோடு நிறுத்தினால் வீடு விளங்காது என்பார்கள். சாவு வீட்டில் மரச்சிலுவையைத் தூக்கி எல்லோருக்கும் முன்னால் நடப்பவரும் அவரே. அவர் கையில் துண்டு கட்டி அனுப்ப வேண்டியது அந்த வீட்டுப் பெண். ஊரின் குழந்தை வைத்தியரும் மியோத்ராக்தான்.

"அவர் பேத்தி நாஜாதான் பள்ளிக்கூடத்துக்கு முதல்ல தட்டம்மையைக் கொண்டு வந்தாளாம். ஊரே பேசுது," என்றாள் லியூபிங்கா.

"அக்கா, இன்னைக்காவது வாயை மூடு." ஸ்லாவ்கோ கத்தவில்லை, அவனிடம் கத்தத் தெம்பு இல்லை. "அந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்காது. தட்டம்மை ஊசி மருந்து கோழிக்கருவுல செய்யறதாம், அதனால போட முடியல. நம்ம பையனுக்கு விலக்குச் சீட்டு இருந்த மாதிரி அவளுக்கும் இருந்துச்சு. ரெண்டையும் எழுதினது கூம்தான். சொந்தப் பேத்தி விஷயத்துல யாராவது பொய் எழுதுவாங்களா?"

தியானா சட்டையைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கத்தைத் தேய்த்தாள்.

ரெல்யாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, தலையில் முடி முளைத்த பிறகு, அவனைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று அவள் மியோத்ராக்கிடம்தான் போய் நின்றாள். ஊசி போட்ட சீட்டில்லாமல் அங்கே சேர்க்கமாட்டார்கள். இவன் உடம்போ அந்த ஊசியைத் தாங்காது. அவர் விலக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் கையைத் தட்டினார். "அனுப்பு, பயப்படாதே. இவனுக்குப் போட முடியலன்னா என்ன? சுத்தி இருக்கிற பிள்ளைங்க எல்லாரும் போட்டிருக்காங்க. அவங்கதான் இவனுக்குச் சுவர்." அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் அனுப்பினாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், தட்டம்மை முற்றி ரெல்யாவின் நெஞ்சில் சளி கட்டி, மூச்சுவிடக் குழாய் போட்டிருந்த அன்று, பள்ளி ஆசிரியை அழுதுகொண்டே சொன்னாள்: "நாஜாவுக்கு முட்டை அலர்ஜின்னு சீட்டு இருந்துச்சு. நாங்க என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

அப்போது தியானாவின் கண்முன் வந்தது ஈஸ்டர் மதியம். ஸ்லாவ்கோ கொல்லையில் ஆட்டுக்குட்டியை நெருப்பில் சுற்றிக்கொண்டிருந்தான். உள்ளே, இதே மேசையில், ரெல்யாவும் நாஜாவும் சாயம் பூசிய முட்டைகளை மோதிப் பார்த்தார்கள். ரெல்யாவின் முட்டை உடைந்தது. உடைந்தது ஜெயித்தவருக்கு. நாஜா அதை உரித்து, உப்பில் தொட்டு, ரெண்டே கடியில் தின்றாள். மியோத்ராக் சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்து அவள் முகவாயில் ஒட்டிய மஞ்சள் கருவைத் துடைத்துவிட்டார். "எங்க வீட்டுத் தீனிப் பண்டாரம்," என்றார்.

அதை அவள் இன்னும் ஸ்லாவ்கோவிடம் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்து நிற்பவனிடமிருந்து கூமையும் பிடுங்கிக்கொண்டால், அவன் தோளைப் பிடிக்க யார் இருப்பார்கள்?

சட்டை தயாரானது. மடிப்பு அப்படியே இருந்தது.

மியோத்ராக் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வெளிவாசலில், சுவரில் சாய்த்திருந்த சிலுவைக்குப் பக்கத்தில் நின்றார். கையைப் பிடித்தபடி நாஜா, தலையில் கறுப்பு நாடா. அவள் கன்னத்தில் அம்மையின் தடயம்கூட இல்லை. தியானா துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"இவ அம்மா வரல," என்றார். "அவளுக்கு முகமில்ல. பிள்ளை ரெல்யாகிட்ட போகணும்னு ஒரே அழுகை. அதான் கூட்டிட்டு வந்தேன்."

"உள்ள அத்தை பால் தருவா, போம்மா," என்றாள் தியானா. நாஜா ஓடினாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தியா, சிலுவைய வேற யாரையாவது தூக்கச் சொல்லு."

"ஏன்?"

அவர் சிலுவையைப் பார்த்தார். அதில் பெயரும் இரண்டு வருடங்களும் எழுதியிருந்தன. வருடங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமில்லை.

"என் மக கால்ல விழுந்தா. எங்கயோ எதையோ படிச்சுட்டா, ஊசி போட்டா பிள்ளைக்குப் பேச்சு நின்னுடும்னு. எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். சாப்பாட்டையே நிறுத்திட்டா. கொஞ்ச நாள் தள்ளிப்போட்டா பயம் தெளிஞ்சிடும்னு நினைச்சேன். ஒரே ஒரு பிள்ளைதானே, சுவர்ல ஒரு செங்கல்தானேன்னு..."

அந்தச் சுவர் என்ற சொல் அவருக்கே கேட்டிருக்க வேண்டும்.

"ஸ்லாவ்கோகிட்ட இதைச் சொன்னீங்களா, கூமே?"

"இல்ல."

"சொல்வீங்களா?"

"சொல்றேன். அடக்கம் முடியட்டும். கட்டாயம் சொல்றேன்."

"கையை நீட்டுங்க."

அவர் நீட்டினார். முழங்கைக்கு மேலே துண்டைச் சுற்றி, முடிச்சை இறுக்கினாள். அவர் முகம் சுளித்தார். அவள் தளர்த்தவில்லை.

வெள்ளைப் பெட்டி சின்னதாக இருந்ததால் ஸ்லாவ்கோவும் அவன் நண்பன் ஒருவனும் மட்டுமே தூக்கினார்கள். பாதி வழியில் ஸ்லாவ்கோவை நகரச் சொல்லி வேறொருவர் தோள் கொடுத்தார். பள்ளி வேலியை ஒட்டி ஆசிரியைகள் நின்றிருந்தார்கள். ஊர்வலம் அந்த இடத்தைத் தாண்டும்போது மியோத்ராக் தடுமாறினார். ஓக் மரச் சிலுவை, ஈரம் காயாதது, நல்ல கனம். ஸ்லாவ்கோ அதை வாங்கிக்கொள்ள ஓடப் போனான். தியானா அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவர் தூக்கட்டும்."

"வயசானவர் தியா."

"அவர்தான் தூக்கணும்."

ஸ்லாவ்கோ தலையாட்டினான். கூமுக்குரிய மரியாதையை அவள் காப்பாற்றுகிறாள் என்று எடுத்துக்கொண்டான்போல. அவள் கையை ஆறுதலாக அழுத்தினான்.

திரும்பி வந்தபோது லியூபிங்கா மேசை போட்டிருந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்துத் தின்று, தரையில் ஒரு சொட்டு ராக்கியா சிந்திவிட்டு உட்கார்ந்தார்கள். ஸ்லாவ்கோ மியோத்ராக்கைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். முதல் கோப்பையை அவருக்குத்தான் ஊற்றினான்.

"நீங்க இல்லன்னா நான் இன்னைக்கு விழுந்திருப்பேன், கூமே."

மியோத்ராக் கோப்பையைத் தொடவில்லை. அவிழ்த்த துண்டை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தியானா எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு முறை தொண்டையைச் செருமினார். ஸ்லாவ்கோ திரும்பினான். "உப்பு," என்றார் அவர். ஸ்லாவ்கோ உப்பை நகர்த்தி வைத்தான்.

நாஜா தாத்தாவின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தாள். மேசை விளிம்பில் முகவாயை வைத்து முட்டைத் தட்டைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"ஐயையோ, கண்ணு, அதைத் தொடாத!" லியூபிங்கா தட்டையே இழுத்துக்கொண்டாள். "முட்டை உனக்கு ஆகாதுல்ல? நல்லவேளை பார்த்தேன். இன்னைக்கு இன்னொண்ணு இந்த வீடு தாங்காது. இல்லையா டாக்டர்?"

எல்லோரும் மியோத்ராக்கைப் பார்த்தார்கள்.

"ம்," என்றார் அவர்.

நாஜா கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதை அவள் சட்டென்று, பழகியவள்போலச் செய்தாள். வெளியார் முன்னால் முட்டையைத் தொடக்கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

தியானா எழுந்தாள். "கொடுங்கக்கா. அவளுக்கு ஒத்துக்கும்."

"என்னடி சொல்ற?"

"ஈஸ்டருக்கு இங்கதான் தின்னா. ரெல்யாவோட முட்டை. கூம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார்."

"ஆமா," என்றாள் நாஜா, முகம் மலர்ந்து. "நான்தான் ஜெயிச்சேன்! ரெல்யா அழவே இல்ல."

ஸ்லாவ்கோவின் கரண்டி கோதுமைக் கிண்ணத்தின் விளிம்பில் இடித்து நின்றது. அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு மெதுவாக, ஏதோ கனமானதை நகர்த்துகிறவன்போல, பக்கத்தில் இருந்தவர் பக்கம் தலையைத் திருப்பினான். மியோத்ராக் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தியானா ஒரு முட்டையை எடுத்து மேசையில் தட்டினாள். ஓட்டைப் பொறுமையாக உரித்தாள். சவ்வில் ஒட்டிய துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். உப்பைத் தூவி நாஜாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

குழந்தை தாத்தாவைப் பார்த்தது. அவர் நிமிரவில்லை. அது தின்னத் தொடங்கியது.

அந்த அறையில் வேறு யாரும் தின்னவில்லை. தின்று முடித்து அவள் தலையைத் தூக்கினாள். முகவாயில் மஞ்சள் ஒட்டியிருந்தது. மியோத்ராக்கின் மடியில் துண்டு மடித்தபடியே கிடந்தது.