ஒரு மணி நேரம் உட்காரும் விதி

சேலம், நாமக்கல் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் யாருடைய துணையும் தேவைப்படாத ஒரே மனிதர் டாக்டர் சமியுல்லா. இதை அவரே அறிவித்தார். இதய மருத்துவர் சங்கத்தின் மாதக் கூட்டங்களில் அறிவித்தார். அறிவிப்பதற்காகவே ஒரு கூட்டம் தவறாமல் திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்குக் கார் ஓட்டி வந்தார்.

“இதய டாக்டருக்குத் துணை அவன் கை ரெண்டுதானுங்க. சங்கம்ங்கறது ஒண்டியா இருக்கப் பயப்படறவங்க பண்ணிக்கிட்ட ஏற்பாடு” என்பார். பிறகு மதியச் சாப்பாட்டில் கடைசி ஆள் கை கழுவும்வரை கூடவே இருப்பார். மனைவி ரிஹானா மகளின் படிப்புக்காகச் சென்னையில் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

அவருடைய கிண்டலுக்குத் தோதாகச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. சிகிச்சையின்போது ஓர் உறுப்பினரின் நோயாளி இறந்துபோனால், பக்கத்து ஊர் உறுப்பினர் அன்றைக்கே போய் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. ஆலோசனை சொல்லக் கூடாது. உட்கார வேண்டும், அவ்வளவுதான். நாமக்கல் டாக்டர் முருகானந்தம் சங்கச் செயலாளர். மருத்துவக் குழு விசாரிக்காமல் டாக்டர்மீது வழக்குப் போடக் கூடாது என்று ஒன்பது வருடமாகக் கலெக்டர்களுக்கு மனு எழுதிவருகிறவர். மனு போய்ச் சேரும்வரை ஓர் ஆளாவது நேரில் போய்ச் சேரட்டும் என்று இந்த விதியையும் எழுதினார்.

“எழவு கேக்கறதுக்கு இத்தனை படிச்ச ஆளு வேணுமாக்கும்” என்றார் சமியுல்லா.

போன தை மாதம் சமியுல்லாவின் சிகிச்சை மேசையிலேயே ஒரு பெரியவர் இறந்தார். முருகானந்தம் கிளம்பி வந்தார். சமியுல்லா அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, டாக்டர் இல்லை என்று சொல்லச் சொன்னார். நர்ஸ் வெண்ணிலாவுக்கு வந்தவர் யாரென்று தெரியாது. “லேட்டாகுமுங்க, டோக்கன் போட்டுக்கறீங்களா?” என்றாள். முருகானந்தம் நாற்பத்தொன்றாம் டோக்கனை வாங்கிக்கொண்டு, நோயாளிகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் சமியுல்லா இதை நடித்தே காட்டினார். “பிரஷர் பாத்தாங்களாண்ணா? மாத்திரை ஏதாச்சும் குடுத்தாங்களா?”

“பிரஷர் நார்மல்னுதான் சொன்னாங்க பாய்” என்று முருகானந்தமும் சேர்ந்து சிரித்தார்.

அந்த ஒரு மணி நேரமும் அறைக்குள் இருந்து, வெளிக்கூடத்துக் கேமராவின் திரையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததையும், அந்த நாற்காலி காலியான பிறகும் திரையை அணைக்காததையும் சமியுல்லா நடித்துக் காட்டவில்லை.

ஆடியில் ஒரு புதன்கிழமை காலை, முருகானந்தத்தின் மேசையில் முப்பத்தாறு வயது லாரி டிரைவர் ஒருவர் இறந்தார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பத்து நிமிடத்துக்குள் பத்தொன்பது கும்பிடு வந்தது. ‘நான் போகிறேன்’ என்று ஒருவரும் எழுதவில்லை. சங்கப் பட்டியல்படி பக்கத்து ஊர் திருச்செங்கோடு, சமியுல்லாவின் ஊர்.

மதியம் முருகானந்தமே எழுதினார்: ‘நாளையிலிருந்து ஆஞ்சியோ செய்வதை நிறுத்திக்கொள்கிறேன். முப்பது வருடம் போதும்.’

அதற்கும் பதினொரு கும்பிடு வந்தது.

சமியுல்லா சாப்பாட்டு கேரியரைத் திறந்தார், மூடினார். பேங்க் வரைக்கும் போய்வருவதாக வெண்ணிலாவிடம் சொல்லிவிட்டு நாமக்கல்லுக்குக் காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்தடியில் டிரைவரின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர்களைக் கடந்து உள்ளே போவது சுலபமாக இருந்திருக்கும்.

முருகானந்தம் பச்சை அங்கியைக்கூடக் கழற்றாமல் தன் அறையில் இருந்தார். “வாங்க பாய். கிண்டல் பண்ணவா?”

“இல்லீங்ண்ணா” என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார் சமியுல்லா.

அவருக்கு நிறைய வாக்கியங்கள் தோன்றின. நிறுத்தாதீங்க என்பது முதல். அது ஆலோசனை. ஆஞ்சியோ படத்தைக் காட்டுங்க என்பது அடுத்தது. அது விசாரணை. விதிப்படி கழித்துப் பார்த்ததில் சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

வெகுநேரம் கழித்து முருகானந்தம் பேசினார். “டேபிள்ல படுத்துக்கிட்டு, ‘கரூர்ல லோடு எறக்கோணுங்க சார், சாயங்காலம் உட்ருவீங்களா’ன்னு கேட்டான். உட்ருவேன்னு சொன்னேன் பாய்.”



லேப் டெக்னீஷியன் சத்யபிரியா கதவைப் பாதி திறந்தாள். “நாளைக்கு ஆஞ்சியோவுக்கு ஏழு பேரு இருக்காங்க சார். வேற ஆஸ்பத்திரி பாத்துக்கச் சொல்லி போன் பண்ணிரட்டுங்களா?”

முருகானந்தம் சமியுல்லாவைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் சமியுல்லா நாற்காலியை அவர் பக்கம் ஒரு சாண் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“செத்த நேரம் கழிச்சுக் கேளு சாமி” என்றார் முருகானந்தம்.

கதவு மூடியது. ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. சமியுல்லா குனிந்து ஷூவைக் கழற்றி, நாற்காலிக்கு அடியில் தள்ளிவைத்தார்.