ஒரு தட்டு சலாது

உழவர் சந்தையில் தக்காளி வரிசைப் பக்கம் பிரபா தலைவைத்துக்கூடப் படுக்காமல் நான்கு வருடம் ஓடிவிட்டது. வருவாள், சுரைக்காயோ புடலங்காயோ முட்டைக்கோஸோ வாங்குவாள், வந்த வழியே திரும்பிவிடுவாள். அவளுடைய புருஷன் அருணகிரிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திய நாளிலிருந்து அந்த வீட்டில் தக்காளி ஆகாது, தேங்காய் ஆகாது, கீரை ஆகாது, பழம் ஆகாது. எதையும் பச்சையாகத் தின்னக் கூடாது. காயை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் வேகவைக்க வேண்டும். அப்படி இரண்டு முறை வெந்த காயில் என்ன ருசி இருக்கும்? மாட்டுக்கு வைத்தால் மாடும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

உப்பைக் கண்ணில் காட்டக் கூடாது. தண்ணீர் நாளைக்கு முக்கால் லிட்டர், சித்திரை வெயிலானாலும் அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய், ஆயிரம் அடிக்குக் கீழே இருந்த தண்ணீரை யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்த மனுஷனுக்கு முக்கால் லிட்டர். சாமிக்குக் கண் இருக்கிறதா என்று பிரபா பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். பதில் வந்ததில்லை.

இந்தச் சட்டதிட்டங்களை எல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவள் மகள் யுவஸ்ரீ. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கடைசி வருடம், பரீட்சை நடக்கிறது. தினமும் போனில் முதல் கேள்வியே "அப்பா இன்னிக்கு என்ன சாப்புட்டாரு?" என்பதுதான். அம்மாவைவிடக் கறார்.

அப்படிப்பட்ட பிரபா இன்று தக்காளி முன்னால் நின்றாள். கூறு போட்டு உட்கார்ந்திருந்த மல்லசமுத்திரத்துப் பழனியம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"என்ன அம்மிணி, தக்காளி எடுக்கறே? ஊட்டுக்காரருக்கு நல்லாயிருச்சா?"

"ஆமாங்க்கா. நல்லாயிருச்சுங்."

"நாந்தான் சொன்னேனே, சரியாப் போயிரும்னு!" என்ற பழனியம்மாள் கூறுக்கு மேல் இரண்டு தக்காளியை அள்ளிப் பைக்குள் போட்டாள். "இது என்ர கணக்கு. அவரு திங்கட்டும்."

அந்த இரண்டு தக்காளியைச் சுமந்துகொண்டு வெளியே வருவதற்குள் பிரபா பையை இரண்டு முறை கை மாற்றிக்கொண்டாள். வெள்ளரிப் பிஞ்சு, முள்ளங்கி, எலுமிச்சை, கொத்தமல்லி என்று வாங்கிய பை இப்படியும் கனக்குமா?

நேற்று செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல டயாலிசிஸுக்குக் கூட்டிப் போயிருந்தாள். மெஷினில் போட்ட அரை மணி நேரத்தில் அவனுடைய பிரஷர் சரசரவென்று இறங்கிவிட்டது. போன வாரமும் அதேதான். டாக்டர் அவளை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"இருதயம் ரொம்ப பலவீனமா இருக்கும்மா. இனி மெஷின் தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதைச் சாப்பிடக் குடுங்க."

"எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டாள். டாக்டருக்கு அது புரிந்தது.

"ஒரு வாரம். பத்து நாள்."

அருணகிரியிடம் இது போகக் கூடாது என்று பிரபா அங்கேயே முடிவு செய்துவிட்டாள். இருக்கிற நாட்களையாவது பயமில்லாமல் கழிக்கட்டும். மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம்தான் சரியாகும் என்று ஆட்டோவில் வரும்போது அவனிடம் சொன்னாள். போயும் போயும் மெஷினோடு குடும்பம் நடத்தியவனிடம் சொல்கிற பொய்யா இது?

"என்ன ரிப்பேராம்?"

"மோட்டாருங்க."

"மோட்டாரா?" என்று சிரித்தான். "ரிக் வண்டியாட்டக் கம்ப்ரசர்னு சொல்லாம உட்டியே, அந்த மட்டுக்கும் சரி."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அவள் ஒப்பேற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து வெள்ளரியை நறுக்கியதும் உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"ஏம்புள்ள, வெள்ளரிக்கா வாசம் அடிக்குது?"

"டாக்டரு சொல்லீட்டாருங்க. ரிப்போர்ட்டு பரவால்லியாம். கொஞ்சம் பச்சையாத் திங்கலாமாம். அதான் உங்க சலாது."

ஜபல்பூர்ப் பக்கம் ரிக் ஓட்டிய காலத்தில் பிடித்த பழக்கம் அது. ரோட்டோரக் கடைகளில் ரொட்டியோடு வெள்ளரி, தக்காளி, முள்ளங்கி, வெங்காயம் என்று ஒரு தட்டு நிறைய நறுக்கி வைப்பார்களாம். சாலட் என்பது ரிக் ஆட்களின் வாயில் சலாது ஆகிவிட்டது. லீவில் வரும்போதெல்லாம் அடுப்படியில் அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவனே நறுக்குவான். அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல். அதற்குப் பண்ணுகிற அலப்பறையோ கல்யாண விருந்துக்குக்கூட இருக்காது.

இப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வீங்கிய கால் இரண்டையும் முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டான். நறுக்குகிற தெம்பு இல்லை, அதிகாரம் பண்ணுகிற தெம்பு இருந்தது.

"தக்காளிய இத்தனை பொடுசா அறுக்காதே, வட்டமா அறு. வெங்காயத்த ஒருக்கா அலசீரு. எலுமிச்சை கடைசீல."

அவள் சொன்னபடியெல்லாம் செய்தாள். வெள்ளரியும் முள்ளங்கியும் வெள்ளையாக, நடுவே தக்காளி சிவப்பாக, மேலே கொத்தமல்லி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எலுமிச்சையைப் பிழிந்து தட்டை அவன் மடியில் வைத்தாள்.

ஒரு துண்டு வெள்ளரியை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றான். நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நறுக்கென்று ஒரு சத்தம். அடுத்து ஒரு தக்காளி. பிறகு கண்ணைத் திறந்தான்.

"உப்பு போடலியே."

நான்கு வருடப் பழக்கம் அவளைப் போடவிடவில்லை.

"உப்பு இல்லாம சலாது எங்கிருக்குது? உப்பெடு."

இந்த உப்புக்காக அந்த வீட்டில் நடக்காத ரகளை இல்லை. ஒருமுறை பக்கத்து வீட்டில் அவன் ஊறுகாய் வாங்கி நக்கியதைக் கண்டுபிடித்து அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து உப்பு டப்பா அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துதான் வாழ்ந்தது. அவன் சும்மா கேட்டுப் பார்ப்பதும், அவள் "சாவறதுக்கு அத்தனை அவசரமா?" என்று எரிந்து விழுவதும், அவன் சிரிப்பதும் வீட்டில் அன்றாடம் நடப்பதுதான்.

பிரபா எழுந்து போனாள். டிரம்முக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து அப்படியே அவன் பக்கத்தில் வைத்தாள். ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றாரே, கொடுத்துவிட்டாள்.

அருணகிரி டப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தது அவன் முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திட்டியிருக்க வேண்டும். பொய்யாகவாவது ஒரு வார்த்தை திட்டியிருக்க வேண்டும்! இனித் திட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

அவன் இரண்டு விரலால் உப்பை எடுத்துத் தட்டில் தூவினான். நிதானமாகக் கிளறிவிட்டான்.

"மெஷின்ல மோட்டாரு ரிப்பேரு இல்லீல்ல?"

அவள் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள்.

"யுவாவுக்குப் போனு போடு. பொறப்பட்டு வரச் சொல்லு."

"பரீட்சை இருக்குதுங்களே."

"பரீட்சைய அடுத்த வருசங்கூட எழுதிக்கலாம், புள்ள."

அவன் குரலில் கோபம் இல்லை. ஒரு தக்காளித் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான். அவனுக்கு ஆகாதது தனக்கும் வேண்டாம் என்று அவளும் நான்கு வருடம் தொடாத பண்டம். வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். உப்பு சரியாக இருந்தது. அழுதுகொண்டே விழுங்கினாள்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே யுவஸ்ரீ எடுத்துவிட்டாள். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று பிரபா தவிப்பதற்குள் வழக்கமான கேள்வி வந்துவிட்டது.

"அப்பா இன்னிக்கு என்னம்மா சாப்புட்டாரு?"

"சலாது," என்றாள் பிரபா. "சலாது தின்னுட்டு இருக்காரு சாமி. உப்புப் போட்டு."

அந்தப் பக்கம் மகள் சத்தம் போடவில்லை. ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "நான் இப்பவே கெளம்பி வாரேம்மா" என்றாள்.