பூட்டிய வீடுகளும் ஓடும் மீட்டர்களும்

"ஆயிரத்து நானூறு வீட்ல இருநூத்திப் பன்னிரண்டு காலின்னு குறிச்சிருக்கீங்க. அவ்வளவு வீட்லயும் பூனையா குடியிருக்கு?" என்றார் இயக்குநர்.

"பூட்டியிருந்தது சார். புருஷனும் பொண்டாட்டியும் ஆலைக்குப் போற பகுதி. மூணு தடவையும் பகல்லயே போயிட்டுக் காலின்னு எழுதிட்டோம். நம்ம முறைதான் தப்பு" என்றாள் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பிரிவின் தலைவி.

மேட்டுப் பகுதியில் 4,312 பேர் என்றது தாள். ஐயாயிரத்துக்குக் கீழே இருந்தால் அங்குள்ள பிரசவ ஆஸ்பத்திரியை மூடிவிடுவார்கள். பட்டியல் ஐந்து மணிக்குப் போயாக வேண்டும். மணி நாலு அடித்துவிட்டது.

எதிரில் குடிநீர் வாரிய அதிகாரியான அவளுடைய கொழுந்தன் மடிக்கணினியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"எந்த வீட்ல தண்ணி மீட்டர் ஓடுதுன்னு என்கிட்ட இருக்கு அண்ணி. தரேன். பதிலுக்கு, ஆள் இருந்தும் மீட்டர் இல்லாத வீட்டுப் பட்டியலைக் குடுங்க."

"எதுக்கு தம்பி?"

"திருட்டு இணைப்பைப் பிடிக்கத்தான். பின்னே, விருந்துக்குக் கூப்பிடவா?"

"வெறும் கணக்குக்குன்னு சொல்லித்தான் கதவைத் திறக்க வச்சோம். அதை வச்சே ஆளைப் பிடிச்சா அடுத்த தடவை எவன் திறப்பான்? தர முடியாது."

"அப்போ ஆஸ்பத்திரி போச்சு. உங்க பிடிவாதம் வீட்டோட நிக்கும்னு நினைச்சேன்."

"வீட்டு எண்ணே வேண்டாம்ப்பா. தெருவுக்கு எத்தனை மீட்டர் ஓடுதுன்னு மட்டும் சொல்லு."

"சும்மா தூக்கிக் குடுக்க எங்க வாரியம் என்ன தர்மசத்திரமா?"

அவள் பேனாவை எடுத்து 4,312-ஐ அடித்தாள். 'எண் உறுதியில்லை. குடிநீர் வாரியத்தின் விவரம் கிடைக்கவில்லை' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா இது? கட்டம் காலியாப் போனா என் தலைதான் உருளும்" என்றார் இயக்குநர்.

"தப்புன்னு தெரிஞ்ச எண்ணுக்குக் கீழ என் கையெழுத்து வராது சார்."

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "எங்க வாரியத்தை ஏன் அண்ணி இழுக்குறீங்க?"

"கிடைக்கலைன்னுதானே எழுதியிருக்கேன். பொய்யா?"

மேலதிகாரி படிக்கப்போகும் தாள் அது; ஆஸ்பத்திரி மூடினால் பழி வாரியத்தின் மேல் விழும். அவன் இயக்குநரைப் பார்த்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மடிக்கணினி திறந்தது.

"ஏழு தெரு. ஓடுற மீட்டர் 1,391."

ஆள் இருக்கக் கண்டது 1,188 வீடு. மிச்சம், பூட்டியிருந்தும் தண்ணீர் ஓடும் வீடு, குறைந்தது 203. அந்தப் பகுதியில் வீட்டுக்குச் சராசரி 3.63 பேர். இரண்டு முறை பெருக்கிப் பார்த்து, 4,312-உடன் கூட்டினாள்.

"5,049."

"நாப்பத்தொம்பது பேர்ல தப்பிச்சிருக்கு" என்றார் இயக்குநர். "மதிப்பீடுன்னு போட்டுடுங்க."

"எப்படி மதிச்சோம்னும் கீழ எழுதிடுறேன் சார்."

"அதுக்கு மேலயும் ஆள் இருக்கும் அண்ணி. மீட்டரே இல்லாதவங்க."

"இருப்பாங்க. யாருன்னு மட்டும் என்னைக் கேக்காதே."