இடது கண்ணின் ஓரம்

நாடு முழுவதிலிருந்தும் பொறுக்கியெடுத்த பெண்களைச் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று அணிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒருநாள் ஆட்டங்கள். ஒவ்வோர் அணியும் மற்ற இரண்டோடும் ஒரு முறை மோதும், பிறகு இறுதியாட்டம், ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கோப்பை யாருக்குப் போகும் என்று ஒருத்தியும் கவலைப்படவில்லை. பந்தலுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த தேர்வுக்குழுவினரின் பார்வையில் படுவதுதான் காரியம். வாரக் கடைசியில் அவர்கள் தேசிய அணியை அறிவிப்பார்கள்.

சிவப்பு அணியின் விக்கெட் கீப்பரை எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டம்புக்குப் பின்னால் நின்றுவிட்டால் வாய் ஓயாது. பந்து போடுகிறவளைத் தட்டிக்கொடுப்பாள், மட்டை பிடிக்கிறவளை வம்புக்கு இழுப்பாள், ஆள் கிடைக்காவிட்டால் பந்தோடு பேசுவாள்.

போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சியில் சுழல்பந்து ஒன்று எகிறி அவளுடைய இடது புருவத்துக்குக் கீழே அடித்திருந்தது. ஹெல்மெட் போடாமல் நின்றது அவள் தப்பு. ஐஸ் வைத்தார்கள், வீக்கம் வடிந்தது, எல்லோரும் மறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் ஒருநாள் பல் தேய்க்கும்போது முகத்துக்கு எதிரே கொசு பறப்பதுபோல இருந்தது. கையால் விரட்டினாள். கொசு போகவில்லை, கண் போன பக்கமெல்லாம் கூடவே வந்தது. பிறகு விளக்கை அணைத்தால் கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வலது கண்ணைப் பொத்தி, சுவரில் பதித்த ஓடுகளைப் பார்த்தாள். கீழ்வரிசை ஓடுகள் கலங்கின தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தன. மறுநாள் பார்த்தபோது அந்த வரிசையே இல்லை. அங்கே கறுப்பாக ஏதோ ஏறியிருந்தது. அணி மருத்துவர் இரண்டு அறை தள்ளித்தான் இருந்தார். சொன்னால் அந்த நிமிடமே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். இறுதியாட்டம் முடியட்டும் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டாள்.

பச்சை அணியோடு ஆடிய முதல் ஆட்டத்தில் இரண்டு பந்துகள் அவளுடைய காலுக்குப் பக்கத்தில் புகுந்து எல்லைக் கோட்டுக்கு ஓடின. பதற்றம் என்று நினைத்துத் தலைவி தோளைத் தட்டினாள். ஒரு கேட்ச் மட்டும் கையுறைக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. எல்லோரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அந்தப் பந்தை அவள் பார்க்கவே இல்லை. நழுவவிட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அடுத்த ஆட்டம் நீல அணியோடு. நீல அணியின் வேகப்பந்து வீச்சாளர் அவளுடைய சொந்த அக்கா. சின்ன வயதில் வீட்டில் இருந்தது ஒரே மட்டை, தங்கச்சி அதை விட்டுக்கொடுக்கவே மாட்டாள், அதனால்தான் நான் பந்து போடக் கற்றுக்கொண்டேன் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். இந்த முறை விட்டால், தேர்வுக்குழு மறுபடி கூப்பிடும் வயதில் அக்கா இல்லை. ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஆடும் அன்றைக்குச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன் என்று அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

நீல அணி முதலில் மட்டை பிடித்தது. இடைவேளையில் அக்கா தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி, இன்னிக்கு வாயே தெறக்கல?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

அக்கா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

குருவி மட்டையோடு இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வலது கைக்காரிக்கு இடது கண்தான் முன்னால் நிற்கும். அந்தக் கண்ணில் கருந்திரை பாதிக்கு ஏறியிருந்தது. அக்கா ஓடிவருவது தெரிந்தது, கை உயர்வது தெரிந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. காதுக்குப் பக்கத்தில் விர்ரென்று ஒரு சத்தம். பந்து ஹெல்மெட் கம்பியை உரசிக்கொண்டு போயிருந்தது. அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. என்ன தைரியம் என்று பந்தலில் யாரோ கைதட்டினார்கள்.

அக்கா கைதட்டவில்லை. இடுப்பில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் முகத்துக்கு வரும் பந்துக்குக் கண்ணாவது இமைக்கும். திரும்பிப் போய் மறுபடி ஓடிவந்தவள், பாதியில் நின்றாள். பந்தைக் கையில் பிடித்தபடி நேராகத் தங்கையிடம் நடந்து வந்தாள். இடது பக்கமாக, இடுப்புயரத்தில் கையை நீட்டினாள்.

"முன்னால பாரு. எத்தனை விரல்?"

குருவிக்கு அங்கே ஒரு கை இருப்பதே தெரியவில்லை.

"ரெண்டு," என்றாள் குத்துமதிப்பாக.

அக்காவின் முகம் வெளுத்தது. அவள் நீட்டியிருந்தது மூடின முஷ்டி.

"இறுதியாட்டம் வரைக்கும்தான் அக்கா. உன் கால்ல வேணா விழறேன். சொல்லிடாத."

"நான் போட்ட பந்துடி அது." அக்கா கையிலிருந்த பந்தை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம் உள்ள வந்திருந்தா?"

குருவி அவளுடைய கையைப் பிடித்தாள். அக்கா உதறிவிட்டு நடுவரைக் கூப்பிட்டாள். மருத்துவர் ஓடிவந்து கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார், மட்டையைக் கீழே போடச் சொன்னார். மைதானத்தைத் தாண்டும்வரை குருவி தலை நிமிரவில்லை. இனி ஜென்மத்துக்கும் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று போகிற போக்கில் சொன்னது அக்காவுக்குக் கேட்டது.

விழித்திரை கிழிந்து பிரிந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி, அது விழித்திரையைத் தாங்கிப் பிடிப்பதற்காக நாள் கணக்கில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று கேட்டதற்கு மருத்துவமனையில் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டபடி, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கட்டுப் போட்ட கண்ணுக்குள் இருட்டு இருந்தது. அது வலது கண்ணுக்கும் பரவிவிடும் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் தரையின் கோடுகளை எண்ணத் தொடங்கினாள்.

தேசிய அணியை அறிவித்தார்கள். கீப்பர் இடம் பச்சை அணிக்காரிக்குப் போனது. அக்காவின் பெயரும் இல்லை. தங்கை வெளியேறிய பிறகு அக்கா போட்ட பந்துகளெல்லாம் தாறுமாறாகப் போயின, அடித்து நொறுக்கிவிட்டார்கள் என்று, மருத்துவமனைக்கு வந்து கூட இருந்த அம்மா சொன்னாள். குருவி மறுபடி தரையின் கோடுகளை எண்ணினாள்.

அன்று சாயங்காலம் கதவு திறந்தது. காலடிச் சத்தத்திலேயே யாரென்று தெரிந்தது. குருவி அசையாமல் கிடந்தாள். வந்தவள் நாற்காலியை இழுக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள். தங்கைக்கு நேர் கீழே அக்காவின் முகம் வந்து நின்றது.

"தரை ஜில்லுனு இருக்கு," என்றாள் அக்கா.

"எனக்குப் பயமா இருக்கு அக்கா."

"எனக்கும்தாண்டி."

குருவி கையைக் கீழே தொங்கவிட்டாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.