பிரமாணத்தில் ஒரு வரி

அந்நாளில் பெர்த் நகரில் கடை வைத்துத் துணி விற்க நகர மன்றத்தில் கையுயர்த்திப் பிரமாணம் செய்தாக வேண்டும். நினியன் செய்தான். 'இந்நாடு இன்று கைக்கொள்ளும் மெய் மார்க்கத்தைக் காப்பேன்' என்று அதில் ஒரு வரி. பிரபுக்கள் போதகரை நியமிக்கிற நாட்டுச் சபையா மெய் மார்க்கம்? வெட்கக்கேடு! அந்தச் சபையை உதறி வந்தவர்களே இந்த வரியைச் சொல்வது பாவமா இல்லையா என்று இரண்டாகப் பிளந்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. நினியனின் மாமனார் மங்கோ, பாவம் என்கிற கண்டிப்பான பாதிக்கு மூப்பர்; பிரமாணம் செய்தவன் பிள்ளைக்கு அங்கே ஞானஸ்நானம் கிடையாது. நினியனின் மனைவி கிரிசல் அப்பா பக்கம்தான்.

அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. ஞானஸ்நானம் ஆகும்வரை பிள்ளையின் பேரை வாய்விட்டுச் சொல்வது அவர்கள் வழக்கமில்லை.

"பக்கத்துத் தெருவுல அந்த நாட்டுச் சபைப் போதகர் இருக்காருடி. இப்பவே தூக்கிட்டு ஓடுறேன்" என்றான் நினியன்.

"அந்தக் கையாலயா? என் பிள்ளைக்கா? வேண்டவே வேண்டாம்."

அவன் தலையிலடித்துக்கொண்டு மங்கோவிடம் போனான்.

"மாமா, பிரமாணம் தப்புன்னு சொல்லிடறேன். கடை போனா போகட்டும். இன்னைக்கே ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லுங்க."

"வீட்டுல வெச்செல்லாம் குடுக்க மாட்டோம் மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி எந்திரிச்சு சொல்லுங்க. அப்புறம் குடுப்போம். வாக்குத் தர்றீங்களா?"

தந்தான். பிள்ளை வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

கொடுத்த வாக்கு வாக்குதான், பாவி மனிதனுக்கு. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று பிரமாணத்தை மறுத்தான். போதகரின் கண்டனத்தைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். கடையும் போயிற்று.

அன்று மாலை மங்கோ வீட்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கிரிசலுக்கு அவரைப் பார்க்கவே வயிறு எரிந்தது. அதைவிட, தன் வாயால் வேண்டாமென்று சொன்னது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"மனசை விட்டுறாதம்மா. அடுத்த பிள்ளைக்கு இனி ஒரு தடையும் இல்ல. நானே கையில ஏந்திட்டுப் போறேன்" என்றார்.

"அடுத்ததுக்கு வேற பேருதாம்பா பாக்கணும். உங்க பேரை இவனுக்குன்னு வெச்சிருந்தேன்."

கிழவர் அவள் தலையைத் தடவினார்.

"ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குப் பேரு ஏதும்மா?" என்று கனிவாகத்தான் சொன்னார்.