ஊசி சொன்ன மூன்றாவது பதில்

மனிலாவில் எர்மிட்டா பக்கம் காலை ஆறு மணிக்குப் போனால், ஒரு கட்டட வாசலில் ஐம்பது அறுபது பேர் கையில் சிறுநீர்க் குப்பியோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். நாட்டின் அந்நியச் செலாவணி அந்த வரிசைதான். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு உடல் தகுதிச் சான்று தரும் மருத்துவ நிலையம் அது. சான்றில் இரண்டே கட்டங்கள்: தகுதி, தகுதியில்லை. மனித உடலை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட காகிதம் உலகத்தில் வேறில்லை.

மெர்லிண்டாவுக்குத் தைவானில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. பன்னிரண்டு நாளில் விமானம். நிலையத்து டாக்டர் வில்யாருவெல் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தபோது தைராய்டில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசியால் குத்தி, உயிரணுக்களை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஐந்தாம் நாள் அறிக்கை வந்தது: 'மாதிரியில் பெரும்பாலும் ரத்தம். உயிரணுக்கள் போதவில்லை. முடிவு சொல்ல இயலாது. மீண்டும் சோதிக்கவும்.'

ஆட்களை விமானத்தில் ஏற்றுவதற்காக முகவர் நிறுவனம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த நெஸ்டர், அதை வாங்கிப் பார்த்தான்.

"இதுல எங்கயாச்சும் புத்துநோய்னு எழுதியிருக்காக்கா?"

"இல்ல. ஆனா திரும்பக் குத்தணும்னு போட்டிருக்கே தம்பி."

"போடத்தான் செய்வாங்க. குத்தறதுதானே அவங்க பொழப்பு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பத்துப் பேருக்குக் குத்தினா ஒருத்தருக்காவது இப்படி ஆகும்மா. ஊசி சரியான எடத்துல பட்டிருக்காது. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே இன்னொரு தரம் எடுத்தா பெரும்பாலும் தெரிஞ்சிடும். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

"ஒரு மாசமா?" என்றான் நெஸ்டர். "அந்தத் தாத்தாவுக்குத் தொண்ணூத்தொரு வயசு டாக்டர். அதுவரைக்கும் அவரு இருப்பாருன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

டாக்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் பின்பக்கத்திலும் இல்லை. வெளியே இன்னும் நாற்பது குப்பிகள் காத்திருந்தன.

"போட்டுடுங்க டாக்டர்," என்றாள் மெர்லிண்டா. "ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்?"

ஆமாம் என்று அவர் சொல்லவில்லை. 'தகுதி' என்ற கட்டத்தில் குறி மட்டும் போட்டார். படித்தவர்கள் பொய் சொல்வதில்லை.

அன்று மாலை அவள் வீட்டில் பான்சிட் நூடுல்ஸ் கிளறி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்கள். ஊசி போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று தெரு முழுக்கச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் காதுக்குப் போனபோது, ஊசி போட்டதும் நோயே கரைந்துவிட்டது என்றாகியிருந்தது. அவரும் மனதாரக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

தைவானில் எட்டாம் மாதம் சட்டைக் கழுத்து இறுக்கியது. மெர்லிண்டா காலர் இல்லாத சட்டைக்கு மாறினாள். அந்தத் தாத்தாவே ஒருநாள் விரலால் கழுத்தைக் காட்டி என்ன என்று கேட்டார். "டெஸ்ட் பண்ணியாச்சு" என்றாள். இருபதாம் மாதம் குரல் கம்மியது. ஊரில் எட்டு வயது மகள் போனை எடுத்துக் கேட்டுவிட்டு, "யாரோ அம்மா போனைத் திருடிட்டாங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

ஒப்பந்தம் முடிவதற்குள்ளேயே திரும்பி வந்தாள். இந்தத் தடவை ஸ்கேனில் பார்த்தபடி ஊசி போட்டார்கள். உயிரணுக்கள் தேவைக்கு மேலேயே கிடைத்தன. புற்றுநோய். அறுவை சிகிச்சையில் தைராய்டை எடுத்தார்கள். குரல் நரம்பை நோய் ஏற்கெனவே பிடித்துவிட்டதால் அதையும் சேர்த்து வெட்ட வேண்டியதாயிற்று. உயிருக்குப் பயமில்லை, பழைய குரல் வராது என்றார்கள்.

நாலாம் நாள் நெஸ்டர் ஆரஞ்சுப் பழப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். பைக்குள் ஒரு காகிதமும் இருந்தது.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கா. ஊசி டெஸ்டை நம்ப முடியாது, அது காலை வாரிடுச்சு, யார் மேலயும் தப்பில்லன்னு எழுதியிருக்கோம். கீழ ஒரு கையெழுத்து."

மெர்லிண்டா ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு பேசினாள். காற்றுதான் வந்தது.

"கேக்கலக்கா. கொஞ்சம் சத்தமா."

அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டு பேனாவை நீட்டினான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள் நிதானமாக எழுதினாள்:

'ஊசி பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னது. நாம் மூன்று பேரும் அவரவர் வசதிக்கு அதை ஒன்றுமில்லை என்று படித்தோம். தெரியவில்லை என்று வந்தால் திரும்பவும் சோதித்துப் பார்க்க வேண்டும். அடுத்து வருகிறவளை அதற்கு முன் விமானத்தில் ஏற்றாதே.'