கண்ணாடியில் வந்த எண்

"உன் மெஷினுக்கு என் சாம்பிள் வருது. வலிக்காம குத்து."

"வலிக்காம குத்தினா, கெட்டியா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

மூன்று வாரத்துக்கு முன், போர்வை மடிக்கும்போது நானும் என் கணவரும் பேசிக்கொண்டது இது. போர்வையின் மறுமுனையைப் பிடித்தபடியே, சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "என்ன நம்பர் வருதோ அதையே சொல்லு. பொண்டாட்டியா இருந்து சொல்லாதே."

செயற்கை மூட்டுகள் தேயாமல் இருக்க மேலே பூசும் ஒரு மெல்லிய படலத்தை உருவாக்குவது அவர் வேலை. அது எவ்வளவு கெட்டி என்று அளப்பது என் வேலை. கூரான வைர முனையால் படலத்தைக் குத்துவேன். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆழம். எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து எண் வரும். இருபத்திரண்டு வந்தால் தேறியது. தேறாவிட்டால் எங்கள் கம்பெனியில் படலம் செய்யும் அவர் பிரிவை மூடிவிட்டு அவரைப் பழையபடி எட்டு மணி நேர ரயில் தூரத்திலிருக்கும் தொழிற்சாலைக்கே அனுப்பிவிடுவார்கள்.

நாலு வருஷம் அங்கேதான் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார். முதல் தடவை கிளம்பும்போது, "உன் வேலையை விட்டுட்டு வான்னு நான் கேக்கவே மாட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையைக் கெடுக்க மனமில்லாமல், சொல்ல நினைத்ததை அன்று விழுங்கினேன். பிறகு அவர் பையைத் தூக்கிய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விழுங்கினேன்.

அவர் சாம்பிளுக்கு இருபத்து நாலு வந்தது. வீட்டில் இரண்டு வாரம் பாட்டுதான். இன்று மூணு மணிக்கு மேலிடத்தில் அவர் அதைக் காட்டவேண்டும்.

இன்று காலை ஒன்பது மணிக்கு, வழக்கம்போல் முதலில் கண்ணாடித் துண்டைக் குத்திப் பார்த்தேன். அது எங்கள் எடைக்கல் மாதிரி. ஒன்பதே கால் வரவேண்டும். பத்தரை வந்தது. இன்னும் இரண்டு முறை குத்தினேன். அதே பத்தரை.

வைர முனை மழுங்கியிருக்கிறது. மெஷினுக்கு அது தெரியாது. கூர்முனை இறங்கவில்லை, அதனால் பொருள்தான் கெட்டி என்று நினைத்துக்கொண்டு கூட்டிச் சொல்லும்.

எப்போது மழுங்கியது? அவர் சாம்பிள் வந்த அன்று கண்ணாடியைக் குத்தினேனா? இல்லை. எண் என்னவென்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் நேரே அவருடையதைத்தான் வைத்தேன். ஏழு வருஷத்தில் ஒரே ஒரு நாள். அதன்பின் வேறு சாம்பிள் வராததால் மெஷினை இன்றுதான் மறுபடி தொட்டேன்.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்ரான் சார்; இம்மி பிசகினாலும் விடமாட்டார். அவரிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. புது முனை போட்டு மறுபடி அளந்துவிட்டு வரச் சொன்னார். அவர் திட்டாதது இன்னும் பயமாக இருந்தது.

முனையை மாற்றி, கண்ணாடியில் சரிபார்த்து, என் கணவரின் சாம்பிளை வைத்து மூடினேன். கைபட்ட சூடு உள்ளே அடங்கும்வரை காத்திருக்கவேண்டும். அறையில் நடந்தாலே அளவு ஆடும். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, மூச்சைக்கூட எண்ணி விட்டேன். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்து குத்து. சராசரி இருபதரை.

இரண்டரை மணிக்கு, கூட்ட அறைக்கு வெளியே அவர் நின்றிருந்தார். சட்டையை இரண்டு முறை தேய்த்துப் போட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்த காகிதங்களை ஜன்னலோரம் வைத்தார்.

"எவ்வளவு?"

"இருபதரை. முனை மழுங்கியிருந்தது. அன்னைக்கு நான் கண்ணாடியைப் பாக்கல. உங்களுதுங்கற அவசரத்துல விட்டுட்டேன்."

அவர் மெல்லச் சிரித்தார். "வலிக்காம குத்துன்னு சொன்னேன். கேக்கவே இல்ல நீ."

"மன்னிச்சிடுங்க."

"மூட்டு மாத்திக்கறவங்க கால்ல போய்த் தேஞ்சிருந்தா? இப்பவே தெரிஞ்சது நல்லது. உள்ளே போய் இதையே சொல்லிடறேன்." காகிதங்களை எடுத்துக்கொண்டவர், கதவருகே நின்றார். "பரண்லேருந்து அந்தப் பெரிய பையை இறக்கணும்."

மறுபடி விழுங்கத்தான் வாய் பழகியிருந்தது. அவர் கைப்பிடியைத் திருப்புவதற்குள் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"இந்தத் தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க."